ஆற்றுப்படை மரபும் திரையிசைக்கு அப்பாலான தமிழ் இசைக்குழுக்களைக் கண்டடைதலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் வெகுசன வானொலி பெரும்பாலும் திரையிசையையே ஒலிபரப்பி வருகின்றது. அதற்கு வெளியே இயங்கும் இசைக்குழுக்களைக் கேட்போர் எவ்வாறு அறிந்துகொள்கின்றனர், எந்த இடங்களில் நேரடியாகக் கேட்கின்றனர் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. கண்டவர் காணாதவருக்கு வழி கூறும் ஆற்றுப்படை என்னும் பழந்தமிழ் இலக்கிய வகை, இவ்வறிதல் முறையை விளக்குவதற்கு உரிய கருவியாக அமைவதையும், அப்பொருத்தத்தின் எல்லைகளையும் இது எடுத்துரைக்கின்றது. பாணர்தம் இசை நமக்குக் கிடைக்காது போனமையை நினைவிற்கொண்டு, இன்றைய இசைக்குழுக்களின் பாடல்களைப் பதிவு செய்வதில் தமிழாய்வுத் துறைகளுக்குள்ள கடமையும் சுட்டப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, வானொலி, இசைக்குழு, தனியிசை, கானா, நேரடி இசை நிகழ்வு, ஆவணப்படுத்தல்.

முன்னுரை

ஒரு பாடல் மக்களைச் சென்றடைவதற்குப் பாடுபவரும் கேட்பவரும் இருந்தால் மட்டும் போதாது. இருவரையும் இணைக்கும் வழி ஒன்றும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழர்க்கு அவ்வழியாக வானொலி விளங்கியது. அவ்வழியில் மிகுதியாகப் பயணம் செய்தது திரைப்படப் பாடல். ஆகவே திரைப்படத்தைச் சாராது பாடல் இயற்றி, மெட்டமைத்து, மேடையில் நிகழ்த்தும் குழுக்கள் இருந்தும் இல்லாதவை போலவே கருதப்பட்டு வந்தன. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் இந்நிலை ஓரளவு மாறியுள்ளது. இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப வளர்ச்சியின் விளைவாக மட்டும் கொள்வது பொதுவழக்கு. ஆயினும், புதிய குழுவொன்றை ஒருவர் கண்டடையும் முறையை உற்றுநோக்கினால், அதில் மனிதர் மனிதர்க்கு வழிகாட்டும் பழைய முறைமை தொடர்ந்து செயற்படுவதை உணரலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

இத்துறை பற்றி எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது கலைச்சொற் சிக்கலாகும். ‘பேண்டு’ என்னும் சொல் தமிழர் பேச்சுவழக்கில் திருமண ஊர்வலத்திலும் இறுதி ஊர்வலத்திலும் வாசிக்கப்படும் பேண்டு வாத்தியத்தைக் குறிக்கின்றது. ‘மெல்லிசைக் குழு’ என்பது கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் திரைப்பாடல்களை மீளப் பாடும் குழுவைக் குறிக்கும் வழக்காக நிலைபெற்றுள்ளது. சொந்தப் பாடல்களை உருவாக்கி நிகழ்த்தும் குழுவிற்கு உரிய சொல் வழக்கில் இல்லாமற் போனமையே, அத்தகைய குழு இருக்கக்கூடும் என்ற எண்ணம் பொதுமனத்தில் வேரூன்றாமைக்கு ஓர் அடையாளம் எனலாம்.

‘சுயாதீன இசை’ என்னும் தொடர் தற்போது ஊடகங்களில் பயில்கின்றது. ‘தனியிசை’ என்பது அதனினும் எளியது. ‘தனிப்பாடல்’ என்று கூறின் அது இலக்கிய வரலாற்றில் வேறு பொருளைச் சுட்டும். அவ்வாறே ‘நேரிசை’ என்பது யாப்பிலக்கணத்தில் வெண்பா, ஆசிரியப்பா ஆகியவற்றின் வகைப்பெயராக நிற்பதால், மேடையில் கேட்போர் முன்னிலையில் நிகழும் இசையை அச்சொல்லாற் குறிப்பது மயக்கத்திற்கு இடமளிக்கும். எனவே இக்கட்டுரையில் ‘தனியிசை’, ‘இசைக்குழு’, ‘நேரடி இசை நிகழ்வு’ ஆகிய சொற்கள் பயன்படுத்தப்படுகின்றன.

2. வானொலி என்னும் வாயில்

சென்னையில் ஒலிபரப்பு என்பது அரசின் முயற்சியாகத் தொடங்கவில்லை. 1924இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் என்னும் ஆர்வலர் அமைப்பு அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முடையால் அது 1927இல் நின்றது. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளிலும் தொடங்கப்பெற்றன. இந்நிலையங்கள் கருநாடக இசைக்கு முதன்மை அளித்தன. நாட்டுப்புறப் பாடல், வில்லுப்பாட்டு, மெல்லிசை முதலியவற்றிற்கும் இடமளித்தன. எனவே வானொலி முழுவதும் பிற இசைக்கு மூடப்பட்டிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. ஆயின், குரல் தேர்வும் கலைஞர் தரவரிசையும் நுழைவாயிலாக அமைந்தன. அவ்வாயில் வழிச் செல்வோர் தனிக் கலைஞராகவோ நிலையத்தால் அறியப்பட்ட கலைவகையைச் சார்ந்தவராகவோ இருத்தல் வேண்டும். எவ்வகையிலும் அடங்காத குழுவொன்று அங்குச் செல்லுதற்கு வழியில்லை.

திரையிசைக்கும் அரசு வானொலிக்கும் இடையே நிகழ்ந்த முரண் ஈண்டுக் கருதத்தக்கது. 1952இல் ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பா. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து பெரிதும் விலக்கினார். கேட்போர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அதனை ஈடுசெய்யும் வகையில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பெற்றது. ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கேட்குமாறு மக்களை ஆணையால் வழிப்படுத்த இயலாது என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

இலங்கை வானொலி மற்றொரு வகையிலும் முதன்மை பெறுகின்றது. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை, திரைப்படத்தின் துணையின்றி மக்களிடையே பரவிய தனியிசை வடிவமாகும். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் இதன் முன்னோடிகளுள் குறிப்பிடத்தக்கவர்கள். மனோகரனால் பெரும்புகழ் பெற்ற ‘சுராங்கனி’ பாடல், 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்திலும் இடம்பெற்றது. கடலுக்கு அப்பால் தனித்துப் பிறந்த பாட்டைத் திரைப்படம் தன்வயப்படுத்திக்கொண்டமைக்கு இது தொடக்கநிலைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

2000ஆம் ஆண்டிற்குப் பின் தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றின. இவற்றின் முதற்கட்ட உரிமமுறையில் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 விழுக்காடு உயர்ந்துகொண்டே செல்லுமாறு வகுக்கப்பட்டிருந்தது. 2005இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை, ஒருமுறை நுழைவுக் கட்டணத்தையும் மொத்த வருவாயில் 4 விழுக்காட்டுப் பங்கையும் வகுத்து இச்சுமையைக் குறைத்தது. ஆனால் அதற்குள் நிகழ்ச்சியமைப்பு முறை உறுதிப்பட்டுவிட்டது. விளம்பர வருவாயையே நம்பிய நிலையங்கள், எல்லாரும் முன்பே அறிந்த பாடல்களை மீண்டும் மீண்டும் ஒலிபரப்பும் முறையைக் கைக்கொண்டன. இதனைத் தனிமனிதர் விருப்பு வெறுப்பின் விளைவாகக் கொள்வதினும் பொருளாதார அமைப்பின் விளைவாகக் கொள்வதே பொருந்தும்.

இதற்கு மாற்றாகத் தோன்றியது சமுதாய வானொலி. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரி 1ஆம் நாள், இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் குடிமைச் சமூக அமைப்புகளுக்கும் இவ்வாய்ப்பு விரிவுபடுத்தப்பட்டது. நிகழ்ச்சிகளுள் குறைந்தது 50 விழுக்காடு அவ்வட்டாரச் சமூகத்தின் பங்கேற்பால் உருவாதல் வேண்டும் என்பது இதன் விதி. உள்ளூர் இசைக்குழுக்களுக்கு ஏற்ற விதி இதுவேயாயினும், ஒலி சென்றடையும் பரப்பு சில கிலோமீட்டர் அளவினதே ஆதலால், இது வழிகாட்டும் பலகையாகலாமே தவிர நெடுஞ்சாலையாதல் அரிது.

வானொலியே கண்டடைதலின் கருவியாக அமைந்த எடுத்துக்காட்டும் உண்டு. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் ‘ரேடியோ 1’ நிலையத்தில் 1967 முதல் 2004இல் தம் மறைவு வரை பணியாற்றிய ஜான் பீல், பெயரறியாக் குழுக்களைக் கலையகத்திற்கு அழைத்துப் பாடவைத்து ஒலிபரப்பினார். அவ்வாறு அமைந்த அமர்வுகள் 4,000க்கும் மேற்பட்டவை. ஒரு நாளில் இத்தனை மணிநேரமே இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம் என்று இசைக்கலைஞர் சங்கத்துடனும் இசைத்தட்டு நிறுவனங்களுடனும் ஏற்பட்டிருந்த உடன்பாடே, கலையகத்தில் நேரடியாகப் பாடவைக்கும் தேவையை உண்டாக்கியது. ஒரு விதியும் ஒரு மனிதரின் செவியும் சேர்ந்தபோது வானொலி வழிகாட்டியாயிற்று. தமிழ்ப் பண்பலை நிலையங்களில் இவ்விரண்டும் ஒருங்கே அமையவில்லை.

3. ஆற்றுப்படையின் அமைப்பு

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகிய நால்வகைக் கலைஞருள் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவரைக் கண்டு, தாம் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, அவரும் சென்று பயன்பெறுமாறு வழி கூறுதலே ஆற்றுப்படை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கின்றது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையின. இவற்றின் அமைப்பை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, கூறுபவரின் பட்டறிவு. கேட்டறிந்ததை அவர் கூறுவதில்லை. சென்று கண்டு பெற்றதையே கூறுகின்றார். இரண்டாவது, கூறுபவரும் கேட்பவரும் ஒரே தொழிலினர், ஒரே வறுமையினர் என்னும் இணைநிலை. மூன்றாவது, வழியின் விரிவான விளக்கம். சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என ஊர்களையும் அவ்வூர்களிற் கிடைக்கும் உணவையும் வரிசைப்படுத்துகின்றது. மலைபடுகடாம் பன்றிப்பொறி, பாம்பு உறையும் இடம், வழுக்கும் பாறை, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் முதலிய இடர்களை எச்சரிக்கின்றது. நான்காவது, சென்று சேருமிடத்தின் இயல்பு. புரவலன் எத்தகையவன், அவன் எவ்வாறு வரவேற்பான் என்பது கூறப்படுகின்றது.

இந்நான்கு கூறுகளையும் வானொலி ஒலிபரப்போடு ஒப்பிடின் வேறுபாடு புலப்படும். வானொலி பாடலை வீட்டிற்கே கொண்டுவருகின்றது. ஆதலால் அங்கு வழி என்பதே இல்லை. கேட்பவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதில்லை. இசைக்குழுவை நேரடியாகக் கேட்க விரும்புபவரோ செல்ல வேண்டியவராகின்றார். எந்த அரங்கம், எந்த மாலை, எந்தப் பேருந்து, நுழைவுக் கட்டணம் உண்டா, அங்கு எத்தகையோர் வருவர் என்பன அனைத்தும் அவருக்கு வேண்டப்படுகின்றன. இவற்றை முன்பே சென்று வந்த ஒருவரே கூற இயலும்.

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பு. ஆற்றுப்படையில் வழிப்படுத்தப்படுபவர் கலைஞர். இன்றைய சூழலில் வழிப்படுத்தப்படுபவரோ கேட்பவர். திசை தலைகீழாகின்றது அன்றோ? இத்தடைக்கு விடை ஆற்றுப்படை மரபின் உள்ளேயே உள்ளது. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய நான்கும் வழிப்படுத்தப்படுபவராற் பெயர்பெற்றவை. திருமுருகாற்றுப்படை மட்டும் சென்றடையப்படும் தலைவனாற் பெயர்பெற்றது. அங்கு வழிச்செல்பவர் பரிசிலை நாடும் இசைவாணர் அல்லர். வீடுபேற்றை விழையும் நாட்டமுடையவர். அந்நூலைப் புலவராற்றுப்படை எனவும் வழங்குவதுண்டு. தொழிலும் வறுமையும் அன்றி நாட்டமே வழிச்செலவுக்குக் காரணமாகலாம் என்னும் விரிவை மரபு தானே ஏற்றுக்கொண்டுள்ளது. புதிய இசையைத் தேடிச் செல்பவரின் நிலை இதற்கு நெருங்கியது எனலாம்.

4. நேரடி இசை நிகழ்வுக் களங்கள்

சென்னை நகரில் இசை நிகழும் களங்களுள் பெயர்பெற்றவை மார்கழிச் சபாக்களாகும். 1928இல் நிறுவப்பெற்ற மியூசிக் அகாதெமி தொடங்கிப் பல சபாக்கள் கருநாடக இசைக்கு நிலையான மேடையளித்துள்ளன. அம்மேடைகளில் எம்மொழிப் பாடல் பாடப்பெறல் வேண்டும் என்னும் வினாவே தமிழிசை இயக்கமாக எழுந்து, 1943இல் சென்னைத் தமிழிசைச் சங்கம் தோன்றக் காரணமாயிற்று. மேடை என்பது நடுநிலையான வெளியன்று என்பதும், அதற்கான வாயிலைப் போராடித் திறக்க வேண்டியிருந்தது என்பதும் தமிழாய்வாளர் நன்கறிந்தவையே.

இசைக்குழுக்களுக்கான களங்கள் இவற்றினின்று வேறானவை. கல்லூரிக் கலைவிழாக்கள் அவற்றுள் ஒருவகை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சாரங்’ விழா இதற்கு நெடுநாளைய எடுத்துக்காட்டு. எழும்பூர் அருங்காட்சியக அரங்கு, அயல்நாட்டுப் பண்பாட்டு மையங்களாகிய அலியான்சு பிரான்சேசு, மாக்சு முல்லர் பவன் முதலியவை மற்றொருவகை. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா, பூங்காக்களையும் தெருக்களையும் நாட்டுப்புறக் கலைஞர்க்குரிய மேடைகளாக்கியது. 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கடற்கரை மீனவர் குடியிருப்பில் கருநாடக இசையையும் பிற கலைகளையும் ஒரே மேடையில் அமைத்தது. 2017இல் யுனெசுகோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்குரிய நகராகச் சென்னை சேர்க்கப்பட்டது. ஒரு நகரத்தின் இசை எது என்ற வினாவிற்கு இக்களங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விடையைத் தருகின்றன.

களத்தின் இயல்பே இசையின் தன்மையையும் கேட்போர் கூட்டத்தையும் வரையறுக்கின்றது. சபாவிற்குப் பழகியவர் கடற்கரைக் குப்பத்திற்குச் செல்வதற்கும், குப்பத்தினர் பண்பாட்டு மையத்தின் வாயிலைக் கடப்பதற்கும் இடையே உள்ள தயக்கம் மலைபடுகடாம் கூறும் இடர்களுக்கு ஒப்பானது. வழிகாட்டுபவர் ஒருவர் உடன்செல்லும்போது அத்தயக்கம் தணிகின்றது.

5. சான்று: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’

வெகுசன வானொலியின் துணையின்றிப் பெருங்கவனம் பெற்ற தமிழ் இசைக்குழுவிற்குத் தக்க சான்று ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ ஆகும். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து இதனை உருவாக்கினர். இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. சாதி கடந்த தமிழரைக் குறிக்க அயோத்திதாச பண்டிதர் (1845–1914) கையாண்ட கருத்தாக்கத்தினின்று இக்குழு தன் பெயரைப் பெற்றது. 1907 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ்வழி வெளிப்பட்ட அவர்தம் சிந்தனை, நூற்றாண்டு கடந்து இசைமேடையில் பெயராக ஒலித்தமை தமிழ்ச் சிந்தனை வரலாற்று ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது.

இக்குழுவின் இசையமைப்பு கானாவை அடித்தளமாகக் கொண்டது. கானா, வடசென்னை உழைக்கும் மக்களிடையே, சிறப்பாக இறப்பு வீடுகளில் இரவு முழுதும் பாடப்பெற்று வந்த பாட்டு வடிவம். சட்டி, கட்டமேளம், பறை ஆகிய கருவிகள் கிதார், டிரம்சு ஆகியவற்றோடு ஒரே மேடையில் வைக்கப்பட்டன. ஆடவர் வடிவமாகவே கருதப்பட்ட கானாவில் இசைவாணி என்னும் பெண்கலைஞர் முன்னின்றமையும் புதிது. 2020இல் பிபிசியின் உலக அளவிலான நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அவ்வாண்டு திசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ நிகழ்வைத் தொடங்கியது. மார்கழி எவருடைய இசைக்குரிய மாதம் என்னும் வினா அதன் பெயரிலேயே அமைந்துள்ளது.

கானா இதற்கு முன்னர் வானொலியில் ஒலித்ததில்லை என்று கூற இயலாது. தேவா முதலிய இசையமைப்பாளர்கள் 1990களில் அதனைத் திரைக்குக் கொண்டுவந்தனர். 2006இல் வெளிவந்த ‘சித்திரம் பேசுதடி’ திரைப்படத்தின் வாயிலாகக் கானா உலகநாதன் தமிழகமெங்கும் அறியப்பட்டார். ஆயின் அவ்வொலிபரப்புகளில் கானா, திரைக்கதை ஒன்றின் இடையே வரும் களிப்புப் பகுதியாகவே கேட்கப்பட்டது. அதன் இழவுப் பின்னணியும் சமூகக் குரலும் பின்தள்ளப்பட்டன. கீழ்ப்பாக்க மேடையில் அதே வடிவம் தன் வரலாற்றோடு சேர்த்துக் கேட்கப்பட்டது. எதனைக் கேட்கின்றோம் என்பதை எங்குக் கேட்கின்றோம் என்பது மாற்றிவிடுகின்றது.

6. கேட்போர் செல்லும் வழிகள்

புதிய இசைக்குழுவைக் கண்டடையும் முறைகளை மூன்றாக வகைப்படுத்தலாம்.

முதலாவது, கலைஞர்வழிச் செல்லுதல். தனியிசைச் சூழலில் ஒரு கலைஞர் பல குழுக்களில் இயங்குவது வழக்கம். தென்மா, கபேர் வாசுகியுடன் ‘குரங்கன்’ என்னும் குழுவில் இயங்கியவர். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ வழியாக அவரை அறிந்த ஒருவர், அப்பெயரைப் பின்பற்றிக் குரங்கனையும், அதன் வழியே கபேர் வாசுகியின் பாடல்களையும் சென்றடைய இயலும். அவ்வாறே அக்குழுவின் அறிவு, ஓஃப்ரோவுடன் இணைந்து 2019இல் ‘தெருக்குரல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளை நினைவூட்டும் அத்தலைப்பே தமிழ் கற்றோரை அதன்பால் ஈர்க்கவல்லது. பாடகர் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் மட்டும் கூறும் வானொலி மரபில், கருவி வாசிப்போர் பெயர்கள் மறைந்துவிடுவதால் இவ்வழி அடைபடுகின்றது.

இரண்டாவது, மேடைவழிச் செல்லுதல். ஒரு மாலையில் ஒன்றிற்கு மேற்பட்ட குழுக்கள் பாடும்போது, அறிந்த குழுவிற்காக வந்தவர் அறியாத குழுவையும் கேட்க நேர்கின்றது. முதலிற் பாடும் குழு பெரும்பாலும் பெயரறியாக் குழுவாகவே இருக்கும். நிகழ்ச்சி தொடங்குமுன்னரே அரங்கிற்குச் செல்பவர்க்கே அது கிட்டும்.

மூன்றாவது, புலம்பெயர் தொடர்புவழிச் செல்லுதல். மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ்ச் சொல்லிசையைத் தமிழகத்து இளைஞர்க்கு அறிமுகப்படுத்தியதில் முதன்மையானது. தமிழகத்தில் 2012இல் ஹிப்ஹாப் தமிழாவின் ‘ஹிப் ஹாப் தமிழன்’ தொகுப்பு அதனைத் தொடர்ந்தது. ஈழத்துப் பொப்பிசைக்கு அடுத்து, தமிழ்த் தனியிசை மீண்டும் ஒருமுறை கடல்வழியே வந்தது என இதனைக் கொள்ளலாம்.

இவ்வழிகளின் முடிவில் அடிக்கடி திரைப்படம் நிற்பதையும் மறைத்தல் கூடாது. ‘ஷான் ரோல்டன் அண்டு பிரண்ட்சு’ குழுவால் அறியப்பட்ட ஷான் ரோல்டன் பின்னர்த் திரையிசையமைப்பாளரானார். ஹிப்ஹாப் தமிழாவும் 2015இல் திரைப்படத்திற்கு இசையமைக்கத் தொடங்கியது. அதன்பின்னரே இவர்கள்தம் பெயர் வானொலியில் நாள்தோறும் ஒலித்தது. வானொலி, குழுக்களைத் தானே கண்டடைவதில்லை. திரைப்படம் கண்டடைந்தவரையே அது கேட்போர்க்குக் காட்டுகின்றது.

7. கணினிப் பரிந்துரையும் வறுமையும்

இணையவழி இசைத் தளங்கள் வந்தபின் வாயிற்காவல் ஒழிந்தது என்னும் கருத்து நிலவுகின்றது. எவரும் தம் பாடலைப் பதிவேற்றலாம் என்பது உண்மையே. ஆயினும் பாடலைப் பரிந்துரைக்கும் கணினி நெறிமுறை, ஒருவர் முன்னர்க் கேட்டவற்றையும் பலர் கேட்டவற்றையும் அடிப்படையாகக் கொண்டே இயங்குகின்றது. ஆகவே கேட்கப்பட்டதே மேலும் கேட்கப்படுகின்றது. 2024 தொடக்கம் முதல் ஸ்பாட்டிஃபை தளத்தில், ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை வழங்கப்படுவதில்லை. வாயிலில் நின்ற காவலர் அகன்றார். அவ்விடத்தில் ஓர் எண் நிற்கின்றது.

ஆற்றுப்படைக் கூறுகளோடு ஒப்பிடின், கணினிப் பரிந்துரையில் முதற்கூறாகிய பட்டறிவு இல்லை. பரிந்துரைக்கும் நெறிமுறை அப்பாடலைக் கேட்டதில்லை. இணைநிலையும் இல்லை. எஞ்சுவது சேருமிடம் மட்டுமே. இதனால் கேட்பவர் பாடலை அடைகின்றார். பாடியவரின் ஊர், கருவி, வரலாறு ஆகியவற்றை அடைவதில்லை.

2021 மார்ச்சில் மாஜா நிறுவனத்தின் வழியாக வெளிவந்து உலகளவில் பரவிய ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடல் இதனை உணர்த்தும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய முன்னோர் பற்றிய குடும்ப நினைவு அப்பாடலின் பின்னணியில் உள்ளது. பாடல் சென்ற இடமெல்லாம் அவ்வரலாறு உடன்சென்றதா என்பது ஐயத்திற்குரியது. அப்பாடலில் யார்க்கு எவ்வளவு பங்கு என்பது குறித்துப் பின்னர்ப் பொதுவெளியில் விவாதம் எழுந்தமையும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது.

சிறுபாணாற்றுப்படை காட்டும் வறுமைக் காட்சி தமிழ் கற்றோர் மறவாதது. கண்விழியாக் குட்டிகளுடன் நாய் முடங்கிக் கிடக்கும் பாழடைந்த அடுக்களையில், கிணைமகள் உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காணாவண்ணம் கதவடைத்து உண்பிக்கின்றாள். இசையின் சிறப்பும் இசைவாணரின் பசியும் ஒருசேர நிற்றலே ஆற்றுப்படையின் தோற்றுவாய். புரவலர் இல்லாத இக்காலத்தில் அவ்விடத்தை நிரப்பக்கூடியவர் நுழைவுச்சீட்டுப் பெற்று அரங்கிற்கு வரும் கேட்போரே. ஆகவே கேட்பவரை வழிப்படுத்துதல் சுவை பற்றியது மட்டுமன்று. கலைஞரின் வாழ்வு பற்றியதுமாகும்.

8. பதிவும் இழப்பும்

மலைபடுகடாத்தின் தொடக்கப் பகுதி முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலிய கருவிகளை வரிசைப்படுத்துகின்றது. கருவிகளின் பெயர்கள் கிடைத்துள்ளன. அவற்றைச் சுமந்து சென்றோரின் வறுமை கிடைத்துள்ளது. அவர்கள் நடந்த வழி கிடைத்துள்ளது. அவர்கள் பாடிய பண் மட்டும் அன்று ஒலித்தவாறு கிடைக்கவில்லை. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது ஏட்டிலிருந்து மீட்க முடிந்தது சொல்லை மட்டுமே.

இன்றைய நிலை இதனினும் மேம்பட்டதாகத் தோன்றினும் உறுதியானதன்று. இசைக்குழுக்கள் குறுகிய காலமே நிலைக்கும் இயல்பின. ஓரிரு நிகழ்ச்சிகளுக்குப் பின் கலைந்த குழுக்களின் பாடல்கள் தனியார் தளங்களில் இருக்கும்வரையே இருக்கும். கணக்கு நீக்கப்பட்டால் அவையும் நீங்கும். இறப்பு வீடுகளில் பாடப்பெறும் கானா பெரும்பாலும் பதிவே ஆவதில்லை. நாட்டுப்புறவியல் ஆய்வுகள் சிற்றூர்ப் பாடல்களைத் திரட்டுவதில் பெரும்பணி ஆற்றியுள்ளன. நகரத்து இசைக்குழுக்களோ நாட்டுப்புறவியலுக்கும் இசையியலுக்கும் இலக்கியத்திற்கும் இடையே எவரும் உரிமை கொள்ளாத நிலமாக நிற்கின்றன. அவற்றின் பாடல்கள் தமிழ்ச் செய்யுளே. அவற்றின் யாப்பு, வட்டார வழக்கு, சொல்லாட்சி ஆகியன தமிழாய்வின் எல்லைக்கு உட்பட்டவையே.

பதிவு செய்யும்போது பாடல் வரிகளை மட்டும் எழுதிக்கொள்ளுதல் போதாது. நிகழ்ந்த இடம், நாள், பாடியோர், கருவி வாசித்தோர், கேட்க வந்தோர் யாவர், அவர்கள் எவ்வழி அறிந்து வந்தனர் என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். பாடலோடு வழியையும் சேர்த்துப் பாதுகாக்கும் முறைக்கு ஆற்றுப்படை நூல்களே முன்மாதிரி. பதிவிற்கு முன் கலைஞரின் இசைவைப் பெறுதலும், பதிவின் படியொன்றை அவர்க்கே வழங்குதலும் ஆய்வறமாகும்.

முடிவுரை

இக்கட்டுரையின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

தமிழ்நாட்டில் வெகுசன வானொலி திரையிசையைச் சார்ந்து நிற்பதற்கு நுழைவுத் தேர்வு முறை, உரிமக் கட்டணம், விளம்பர வருவாய் ஆகிய அமைப்புசார் காரணங்கள் உள்ளன.

வானொலிக்கு வெளியே இசைக்குழுக்களைக் கண்டடையும் முறை, பட்டறிவு, இணைநிலை, வழி, சேருமிடம் என்னும் ஆற்றுப்படைக் கூறுகளைக் கொண்டு விளங்குகின்றது. வழிப்படுத்தப்படுபவர் கலைஞர் அல்லாது நாட்டமுடையவராயிருத்தலைத் திருமுருகாற்றுப்படை முன்னரே காட்டியுள்ளது.

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ போன்ற குழுக்களின் எழுச்சி, மேடை எங்கு அமைகின்றது என்பதும் இசையின் பொருளில் ஒரு பகுதி என்பதை நிறுவுகின்றது.

கணினிப் பரிந்துரை வாயிலை அகற்றாது அதன் வடிவத்தை மாற்றியுள்ளது. அதனால் மனிதர்வழி ஆற்றுப்படுத்தலின் தேவை குறையவில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரத்து இசைக்குழுக்களின் நிகழ்வுகளைப் பதிவு செய்து பேணும் திட்டத்தை மேற்கொள்ளலாம். வளாகச் சமுதாய வானொலி உள்ள நிறுவனங்கள் அப்பதிவுகளை ஒலிபரப்பவும் இயலும்.

பாணர் சென்ற வழியைச் செய்யுள் காத்தது. அவர்தம் பாட்டைக் காக்கும் கருவி அன்று இல்லை. இன்று கருவி உள்ளது. அதனை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாக்கத்திற்கோ ஊரூர்க் குப்பத்திற்கோ செல்வோர் மேலும் பலராதல் வேண்டும்.